சம்பந்தியம்மாள் கோட்டில் மயில்துத்தம்

பெருமதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தியம்மா யோங்-சுக் அவர்களுக்கு, உங்கள் மகன் டோ-யுனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவனும், உங்கள் கடைக்குட்டி யே-தமுக்குப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவனுமாகிய பாங் கி-யோல் இடுப்பு வரை குனிந்து வணங்கி எழுதிக்கொள்வது. "கொடுக்கப்போகிறவன்" என்று துணிந்து எழுதிவிட்டேன். அது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் மன்னித்து, அந்த ஒரு சொல்லை மட்டும் தாண்டிப் படிக்கவும்.

இவ்விடம் நானும் என் மனைவியும் நலம். என் மகள் சூ-ரிம் நலமாக இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். அவ்விடம் நீங்களும் உங்கள் கணவர் குவாக் ஐயாவும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். ஆப்பிள் பூத்திருக்கிற இந்த நேரத்தில் உங்கள் தோட்டத்தில் உறைபனி விழாமல் இருக்க வேண்டும். சோபெக் மலைக் காற்று அளவோடு அடிக்க வேண்டும். கொல்லையில் வரிசையாக நிற்கும் உங்கள் சோயா விழுது ஜாடிகளுக்கெல்லாம் நல்ல வெயில் கிடைக்க வேண்டும். இதையெல்லாம் நேரில் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். தொலைபேசியை நீங்கள் எடுக்கவில்லை. கைப்பேசியில் நான் அனுப்பிய மன்னிப்புச் செய்தியைப் பார்த்த அடையாளம் விழுகிறதே ஒழியப் பதில் வரவில்லை. "கைப்பட ஒரு கடுதாசி எழுதுங்க, அதுதான் மரியாதை. ஆனா எழுதி முடிச்சதும் என்கிட்ட காட்டுங்க. நீங்களா எதையாவது எழுதி அனுப்பிடாதீங்க" என்றாள் என் மனைவி. அவள் இப்போது கடைக்குப் போயிருப்பதால் நானாகவே எழுதி அனுப்புகிறேன்.

பெற்றோர் பார்வை நாளன்று என் வகுப்பில் நடந்ததை நீங்கள் உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். இருந்தாலும் நீங்கள் பார்த்தது பின்சுவர் ஓரத்திலிருந்து. கரும்பலகைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். என் தரப்பையும் நீங்கள் கேட்க வேண்டும். அன்றைக்குப் பாடம் ஒற்றை இடப்பெயர்ச்சி வினை. ஒரு உலோகம் இன்னொரு உலோகத்தை அதன் சேர்மத்திலிருந்து விரட்டிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்வது. அதைச் செய்து காட்டுவது பெரிய காரியமில்லை. செய்வதற்கு முன்பே, விரட்டுமா விரட்டாதா என்று பிள்ளைகள் கணித்துச் சொல்ல வேண்டும், அதுதான் காரியம். தனியாக வருகிறவர் யார், ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர் யார், வினைத்திறன் வரிசையில் இருவரில் மேலே இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். வருகிறவர் மேலே இருந்தால் வினை நிகழும். கீழே இருந்தால் வினை நிகழாது. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி இருக்கிறது சம்பந்தியம்மா. இரவு வரை பள்ளி, அதற்குமேல் டியூஷன் என்று வளர்ந்தவர்கள். "வினை நிகழாது" என்று எழுதினால் விடைத்தாளை வெறுமையாக விட்டுவிட்ட மாதிரி அவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. வெள்ளிக் கம்பியை மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், ஒன்றும் ஆகாது என்று எழுத மனம் வராமல், இல்லாத ஒரு பொருளை உண்டாக்கி, அதற்கு நிறமும் கொடுத்து, சமன்பாட்டைச் சரிக்கட்டி எழுதி வைக்கிறார்கள். உங்கள் யே-தம் ஒருமுறை அதற்கு வாசனையும் கொடுத்திருந்தாள்.

இந்த வியாதிக்கு வருஷக்கணக்காக நான் கொடுத்துவரும் மருந்துதான் அந்த மாமியார் மருமகள் கதை. சல்பேட் என்பது ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சமையலறை, ஜாடிகள், சாவிக்கொத்து எல்லாம் அதில் அடக்கம். மயில்துத்தத்தில் அந்த வீட்டை ஆண்டுகொண்டிருப்பது செம்பு, அதாவது மாமியார். வெளியே பெட்டியோடு வந்து நிற்கும் இரும்பு ஆணி, புது மருமகள். வரிசையில் இரும்பு மேலே. எனவே வீடு மருமகளுக்கு, மாமியார் செக்கச்சிவந்து பீக்கரின் அடியில் போய் உட்காருவார். இதே வீட்டுக்கு இரும்புக்குப் பதில் வெள்ளி வந்தால் வெள்ளி கீழே, ஆகையால் மாமியார் இருந்த இடத்திலேயே இருப்பார், மருமகள் வாசலிலேயே நிற்பாள், வினை நிகழாது. இந்தக் கதையைச் சொன்ன அடுத்த நிமிஷமே பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்கள். நம் வீடுகளில் நடப்பதுதானே, அதனால் புரிந்துவிடுகிறது. யார் மனதையும் புண்படுத்துவதற்காகச் சொன்ன கதை இல்லை அது. எனக்கு ஒரு மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிவருகிறேன். அன்றைக்குத் தாய்மார் கூட்டம் பின்னால் நிற்கிறதே என்று உற்சாகமாகிக் கொஞ்சம் நடித்தும் காட்டிவிட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. மாமியார் பீக்கரின் அடியில் போய் உட்காருவதை நாற்காலியில் சரிந்து காட்டியபோது பல தாய்மார்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஓர் அம்மா கைதட்டினார், அவர் மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் நீங்கள் வந்திருப்பதையே நான் பார்த்தேன்.

சனிக்கிழமை இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசிக் கல்யாணத் தேதி குறிப்பதாக இருந்தோம். அதற்குப் புதுக் கழுத்துப்பட்டை வாங்கி வைத்திருக்கிறேன். என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று என் மனைவி எனக்கு ஒரு வாரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். பேசக் கூடாதவற்றில் முதலாவது சமையலறை. மூத்த மகனுக்கு வரும் மருமகள் குடும்பத்தின் பெரிய வீடான உங்கள் வீட்டில் வந்து இருக்க வேண்டும், மூதாதையர் படையலுக்கு உங்கள் பக்கத்தில் நின்று சமைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. உங்கள் சமையலறையில் இன்னொருத்தி கரண்டி எடுப்பதைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் கலக்கம் இருப்பதாகவும் டோ-யுன் சொல்லியிருந்தான். அப்படிப்பட்ட உங்களை வைத்துக்கொண்டு நான் நாற்காலியில் சரிந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து உங்கள் யே-தம் கையைத் தூக்கினாள்.

"சார், எங்க வீட்டுக்கு அண்ணி வரப்போறாங்களே. அவங்க இரும்பா?"

வரப்போகிற அண்ணி யார் மகள் என்பது வகுப்புக்கே தெரியும். நான், "சேச்சே, அதெல்லாம் சும்மா ஒரு கதைம்மா" என்றேன்.

"அப்ப எங்கம்மா செம்பா சார்?"

"உங்கம்மா செம்பா? யாரு சொன்னா? உங்கம்மா தங்கம்!" என்றேன். சத்தியமாக மனதார மெச்சிச் சொன்னது அது. எந்த ஊரிலும் ஒரு பெண்மணியைத் தங்கம் என்றால் அவர் சந்தோஷப்படுவார். ஆனால் என் வகுப்பில் பியோ ஹா-ரின் என்று ஒரு பெண் இருக்கிறாள், எதிலும் முதல் மதிப்பெண் வாங்குபவள், அவள் விரலை வைத்து வரிசையைத் தடவிக்கொண்டே போய்க் கடைசியில் நிறுத்தினாள்.

"சார், தங்கம் எல்லாத்துக்கும் கீழ இருக்கு. தங்கம் உள்ள இருந்தா இரும்புதான் வரணும்னு இல்ல. செம்பு வந்தாலும் துரத்திடும், வெள்ளி வந்தாலும் துரத்திடும். பக்கத்து வீட்டு அத்தை சல்லடை கேட்டு வந்தாக்கூட யே-தம் அம்மா வெளிய போயிடணும்."

ஹா-ரினின் கணிப்பு சரி. நான் கற்பித்த முறையில், நான் கற்பித்த வரிசையை வைத்து, அரை நிமிஷத்தில் சரியாகக் கணித்துவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு என் வாய் சும்மா இருக்காமல், "அப்ப உங்கம்மா பொட்டாசியம்னு வச்சுக்க. எல்லாருக்கும் மேல, உச்சாணியில. யாராலும் அசைக்க முடியாது" என்றது.

"பொட்டாசியத்தை எண்ணெயில முக்கித்தான் வைக்கணும்னு போன வாரம் சொன்னீங்களே சார்? தண்ணி பட்டாலே வெடிச்சிடும்னு?"

"அது சரியாத்தான் இருக்கு" என்றாள் யே-தம். "காலையில அப்பா லேசா எழுப்பினாலே எங்கம்மா அப்படித்தான்."

"யே-தம்!" என்று நீங்கள் போட்ட அதட்டலில் முன்வரிசையிலிருந்த சோதனைக்குழாய்கள் கணகணவென்று ஆடின. அந்த அதட்டலோடு எல்லாம் முடிந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். ஆனால் நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பள்ளியில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்தபடி மேசை வரைக்கும் வந்து, அந்தப் பால் நிறக் கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"வாத்தியார் சார், எனக்கும் ஒரு சந்தேகம். உங்க பொண்ணு இந்த வரிசையில எங்க இருக்கா?"

கேள்வி என்றால் அதுதான் கேள்வி. இத்தனை வருஷத்தில் எந்தத் தேர்விலும் இவ்வளவு நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. மேலே என்றால் உங்களை விரட்ட வருகிறாள் என்று ஆகும். கீழே என்றால் ஒன்றுக்கும் உதவாதவளை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று ஆகும். நான் யோசித்தபோது கடவுளே காட்டியது போல அலுமினியம் நினைவுக்கு வந்தது. அலுமினியம் வரிசையில் இரும்புக்கும் மேலே. கணக்குப்படி செம்பை விரட்டியே தீர வேண்டும். ஆனால் உண்மையில் அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போர்த்தியிருக்கும். அதனால் மயில்துத்தத்தில் போட்டால் மணிக்கணக்காக அப்படியே கிடக்கும், ஒன்றும் செய்யாது. எல்லாரையும் "வினை நிகழும்" என்று எழுதவைத்து, பிறகு ஒன்றுமே நடக்காமல் இருப்பதைக் காட்டி அசத்துவது அன்றைய பாடத்துக்கு நான் ஒளித்து வைத்திருந்த கடைசி வித்தை. "சம்பந்தியம்மா, சூ-ரிமை அலுமினியம்னு வச்சுக்குங்க. படிப்பு, வேலை, திறமைன்னு பார்த்தா வரிசையில மேலதான். ஆனா சுபாவம் ரொம்ப அமைதி. உங்க வீட்டுல வந்து இருக்கிற இடம் தெரியாம இருப்பா. உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன் பாருங்க" என்றேன். சம்பந்தியம்மா என்று அத்தனை பேர் முன்னால் கூப்பிட்டதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

அலுமினியத் தாளைத் தேடினால் காணோம். இரும்பு ஆணியும் வெள்ளிக் கம்பியும் எடுத்து வைத்த நான் அதை மறந்துவிட்டேன். "யாருகிட்டயாவது அலுமினியத் தாள் இருக்கா?" என்று கேட்டதும் யே-தம் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விடியற்காலையில் எழுந்து நீங்களே கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டிக் கொடுத்த கிம்பாப்பைச் சுற்றியிருந்த தாள். உள்ளே இரண்டு சோற்றுப் பருக்கையும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயின் ஒரு துண்டும் ஒட்டியிருந்தன. நான் அதைக் கழுவியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே சொல்லித்தருவது அது. கழுவவில்லை. உங்கள் கை பட்ட தாள் என்பது நல்ல சகுனம் என்று நினைத்துக் கசக்கிப் பீக்கரில் போட்டு, "அம்மாமார் எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. ஒண்ணும் ஆகாது!" என்று கூவினேன். எல்லாரிலும் கிட்ட வந்தது நீங்கள்தான்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. நான் உங்களைப் பார்த்துச் சிரித்தேன். நீங்களும் லேசாகச் சிரித்தீர்கள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு ஒரு குமிழ் வந்தது. இன்னொன்று வந்தது. அதன் பிறகு எண்ண முடியவில்லை. பீக்கர் தொட முடியாமல் சுட்டது, நீலம் நுரையாகப் பொங்கியது, தாள் கறுத்துச் சிவந்து பிய்ந்து மேலே வந்தது, பிள்ளைகள் வீலென்று கத்தினார்கள், பொங்கியது அத்தனையும் மேசை விளிம்பைத் தாண்டி உங்கள் கோட்டின் மேல் சளக்கென்று விழுந்தது. பாதி நீலம், பாதி செங்கல் நிறம். கோட்டோடு போயிற்று, உங்கள் மேல் ஒரு துளியும் படவில்லை என்பதற்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கணத்தில் ஒரு சம்பந்தி என்ன செய்ய வேண்டும்? கைக்குட்டையை எடுக்க வேண்டும், மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை உங்களைவிட நான் அதிகமாக நினைத்துப் பார்க்கிறேன். ஏன் இப்படி ஆயிற்று, படலத்தை எது உடைத்தது என்று என் மூளை அலைந்தது. சட்டென்று விடை கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, "உப்பு! உப்புதான் படலத்தைக் கிழிச்சிடுச்சு! யே-தம் அம்மா போட்ட கிம்பாப்ல உப்பு அதிகம், அதான்!" என்று வகுப்பு அதிரக் கத்தினேன். ஹா-ரின் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

நீங்கள் சொட்டச் சொட்ட நின்றபடி, "என் சமையல்ல உப்பு அதிகம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல" என்றீர்கள். குரல்கூட உயரவில்லை. பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டீர்கள். அந்தச் சத்தமில்லாத கதவுதான் எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மற்ற தாய்மார்கள் கருத்துத் தாளில் பாராட்டை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். வேதியியல் இவ்வளவு கலகலப்பாக இருக்கும் என்று தெரியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தலைமையாசிரியர் என் முதுகில் தட்டி, "மாவட்ட அதிகாரிங்க பார்வைக்கு வரும்போதும் இதையே நடத்துங்க. அந்தக் கடைசிப் பொங்கலை மட்டும் மறக்காம வையுங்க" என்கிறார். நீங்கள் கதவுக்கு வெளியே நின்று நிரப்பிப் போட்ட தாளில் ஒரே வரி இருந்தது. "பாடம் நன்றாகப் புரிந்தது." அதை நான் வாசித்துவிட்டு ஆசிரியர் அறையில் காபி குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று மாலையே உங்களிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமைச் சந்திப்பைத் தள்ளி வைப்போம், சிலவற்றை யோசிக்க வேண்டியிருக்கிறது என்று.

இனி என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். சூ-ரிம் மருத்துவமனையில் செவிலி வேலை பார்ப்பவள், எதற்கும் சுலபத்தில் கலங்காதவள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா, நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தாலே போதுமே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் முன்பெல்லாம் எனக்குப் பிடித்த கருவாட்டைத் தன் பங்கிலிருந்து எடுத்து வைப்பாள், இப்போது தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்திவிட்டுப் போகிறாள். நான் இல்லாதபோது அழுகிறாள் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு ஒரே பெண். அவளுக்கு உங்கள் மகன் மேல் உயிர். இதை எப்படி அலங்காரமாக எழுதுவது என்று தெரியவில்லை, அப்படியே எழுதிவிட்டேன்.

சரிசெய்கிறேன் என்று நான் இறங்கியதும் ஒவ்வொன்றாகச் சொதப்பிவிட்டது. அரிசிக் கேக் ஒரு பெட்டி வாங்கி யே-தமிடம் கொடுத்தனுப்பினேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதன் மேல் "உப்புக் குறைவு" என்று என் கையாலேயே எழுதினேன். பெட்டி உங்களிடம் வந்து சேரவில்லை, வழியிலேயே தின்றுவிட்டதாக யே-தம் ஒத்துக்கொண்டாள். நான் எழுதியதைப் பற்றி என் மனைவியிடம் சொன்னபோதுதான் அந்தப் பெண் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறாள் என்று புரிந்தது. திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் "பாங் வீடு + குவாக் வீடு" என்று எழுதி, அம்புக்குறி போட்டு, எதிர்ப்பக்கம் காலியாக விட்டிருக்கிறார்கள். கீழே ஒவ்வொருத்தியும் தன் கணிப்பை எழுதியிருக்கிறாள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை அத்தனை பேரும் "வினை நிகழாது" என்றே எழுதியிருந்தார்கள். எத்தனை வருஷமாக அந்த இரண்டு சொல்லை எழுத வைக்க நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்! ஒருத்திகூடத் தயங்கவில்லை, ஒருத்திகூடப் பிழைவிடவில்லை. வாத்தியாராக அன்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் நான் துடைப்பானை எடுத்தேன்.

அழித்துவிட்டுத் திரும்பி, "யே-தம், அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் கொதிச்சுக்கிட்டுதான் இருக்காங்க சார். ஆனா கோட்டு கொடியில காயுது. நீலம் போகல" என்றாள்.

சம்பந்தியம்மா, என் கதை தப்பு. வேதியியலாக அது சரி, வீட்டுக்கு அது தப்பு. போன குளிர்காலத்தில் கிம்ச்சி போடுவதற்கு சூ-ரிமை நீங்கள் கூப்பிட்டீர்கள். நிச்சயம்கூட ஆகாத பெண்ணை அப்படிக் கூப்பிடுகிறார்களே, வேலை வாங்கத்தானோ என்று நான் முணுமுணுத்தேன். சாயங்காலம் கையெல்லாம் மிளகாய்ச் சிவப்போடு வந்தாள். முட்டைக்கோஸ் குருத்தில் மசாலாவை வைத்துச் சுருட்டி, முதல் வாயை உங்கள் கையாலேயே அவளுக்கு ஊட்டினீர்களாம். அதை அன்று இரவுக்குள் என்னிடம் ஒரு முறை, அவள் அம்மாவிடம் ஒரு முறை, தொலைபேசியில் தோழியிடம் ஒரு முறை சொல்லிவிட்டாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பெண்கள் ஒரு தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாள் பூராவும் முட்டைக்கோஸ் புரட்டியிருக்கிறீர்கள், யாரும் யாரையும் விரட்டவில்லை, யாரும் அடியில் போய் உட்காரவில்லை. இதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை. உங்கள் சமையலறை உங்களுடையது. நீங்கள் கரண்டியை எடுத்துக் கையில் கொடுக்கும் வரை என் மகள் அதைத் தொட மாட்டாள். ஜாடி மூடியை நீங்கள் சொன்னால் திறப்பாள், நீங்கள் சொன்னால் மூடுவாள். பெரிய வீட்டில் உங்கள் பக்கத்தில் இருந்து படையல் முறைகளைக் கற்றுக்கொள்வதுதான் அவளுக்கு ஆசை. அவளை எந்த வரிசையிலும் வைக்காமல் உங்கள் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். தவறு முழுக்க என்னுடையது. என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொண்டு, சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். நான் உணவு முடியும் வரை வாயைத் திறக்க மாட்டேன். சாப்பிடுவதற்குத் திறக்கலாம் என்று என் மனைவி அனுமதி கொடுத்திருக்கிறாள்.

குவாக் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். யே-தமுக்கு என் ஆசி, வரும் தேர்வில் தனிமம் எதற்கும் வாசனை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் இந்த வருஷம் கிளை முறியும்படி ஆப்பிள் காய்க்கட்டும், உங்கள் வீட்டில் மழலைச் சத்தம் கேட்கட்டும், நீங்கள் நூறு வயது வரை அந்தச் சமையலறையை ஆண்டுகொண்டிருங்கள்.

இப்படிக்கு,
குனிந்த தலை நிமிராத,
பாங் கி-யோல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. டோ-யுனும் சூ-ரிமும் ஒன்றாக வந்து நின்றார்கள், உங்கள் மகன் கையில் அளவு நாடா. யே-தம் அன்றைய பாடத்தை வரி விடாமல் அவர்களிடம் ஒப்பித்திருக்கிறாள். இருவரும் அதை வைத்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்களாம். "மாமா, நீங்க சொன்னதுல ஒண்ணு எனக்கு நல்லா விளங்கிடுச்சு. ரெண்டு பேரையும் ஒரே பீக்கர்ல போடலேன்னா வினையே நிகழாது இல்லையா? அதனால கல்யாணம் ஆனதும் நாங்க இங்கயே வந்து இருந்துடுறோம்" என்கிறான். இங்கே என்றால் என் வீடு. என் வீட்டில் என்றால் என் அறை. கடையிலிருந்து திரும்பிவிட்ட என் மனைவி நான் வாயைத் திறப்பதற்குள் சம்மதம் சொல்லி, என் மேசை மேலிருந்த புத்தகங்களைப் பால்கனிக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டாள். "நீங்க சீக்கிரம் ஓய்வு பெறப்போறவர்தானே மாமா, ஹால் சோபா போதும்ல?" என்று உங்கள் மகன் எவ்வளவு பணிவாகக் கேட்டான் தெரியுமா. ஆகவே மேலே நான் எழுதியதில் எதையும் பொருட்படுத்த வேண்டாம். மூத்த மகனும் மருமகளும் பெரிய வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக நிற்க வேண்டும். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. அவர்களிடம் நான் மாட்டேன் என்று சொல்ல வழியில்லை சம்பந்தியம்மா. நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சூ-ரிம் என்னைப் பார்த்து, "அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சிரித்தாள். இத்தனை நாளில் அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. சனிக்கிழமை அவசியம் வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. கோபத்தோடு வந்தால் இன்னும் நல்லது.